குதிரைசக்தி ஏற்றுவதுதான் மேம்பாடா?

நம் ஊரில் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலையில் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வந்தது மிக அரிது. அந்த இடத்தை நிரப்பியவை வேகமான செடான்கள். மறைமலைநகரில் ஃபோர்டு 1999-இல் கொண்டுவந்த ஐகான் 1.6, திருவள்ளூர் ஆலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் கட்டிய மிட்சுபிஷி லான்சர், பின்னால் வந்த ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 ஆகிய மூன்றும் தமிழ்நாட்டு மண்ணில் பிறந்த வண்டிகள். ஓட்டுவதில் ருசி உள்ளவர்கள் இன்றும் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். ஃபோர்டு 2021-இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து அடுத்த ஆண்டே மறைமலைநகர் ஆலையையும் மூடிவிட்டது. லான்சரும் சாலையில் அருகிப்போயிற்று. ஆனாலும் ஆரணி, வந்தவாசி, சேத்துப்பட்டு, தேசூர் என்று பட்டுத்தறியும் நெல்வயலும் கலந்த இந்த வட்டாரம் மாதிரியான ஊர்களில், இருபது வயது கடந்த இப்படியொரு காரை வாங்கி அதைக் கொஞ்சம் தேற்றி ஓட்டலாம் என்று ஆசைப்படும் இளைஞர்களுக்குக் குறைவில்லை. அந்த ஆசை நியாயமானது, மதிக்கத்தக்கது. அது இறங்கும் வழியில்தான் எனக்கு மறுப்பு இருக்கிறது.

பட்டறை வாசலில் ஆரம்பித்து நண்பர் வட்டம் வரை எல்லோரும் சொல்லும் வழி ஒன்றே: வண்டியை மேம்படுத்துவது என்றால் என்ஜினுக்குப் பவர் ஏற்றுவது. முதலில் கோன் ஃபில்டர், பிறகு ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், கையில் இன்னும் காசு இருந்தால் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரை ரீமேப் செய்வது, தோற்றத்துக்குப் பதினாறு அங்குல அலாய் சக்கரம். பிரேக்கும் டயரும் 'ஓடுற வரைக்கும் ஓடட்டும்' என்ற பட்டியலுக்குப் போய்விடும். இந்தக் கருத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அதற்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கிறது. வயதான வண்டியில் 'பிக்கப் போச்சு' என்பது ஓட்டுபவர் உணரும் முதல் குறை. என்ஜின்தான் பிக்கப் தருகிறது. ஆகவே பணத்தை என்ஜினில் போட வேண்டும் என்பது பார்வைக்குச் சரியாகவே தெரிகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பணம் ஏறக்குறைய முழுவதும் வீணாகிறது. சில சமயம் வண்டி முன்பிருந்ததைவிட மோசமாகவும் ஆகிறது.

ஐகான் 1.6-இல் இருப்பது டர்போ இல்லாத 'ரோகேம்' பெட்ரோல் என்ஜின், சுமார் 92 குதிரைசக்தி. தொழிற்சாலை கொடுத்த காற்று வடிகட்டிப் பெட்டி என்ஜின் அறைக்கு வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கும்படி அமைந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பானட்டுக்கு அடியில் திறந்த கோன் ஃபில்டரை மாட்டினால் அது ரேடியேட்டரும் எக்ஸாஸ்டும் சூடேற்றிய காற்றையே உறிஞ்சும். வெளியில் 38 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்று வைத்துக்கொண்டால் காற்றின் அடர்த்தி ஆறேழு சதவீதம் குறைந்துவிடும். அடர்த்தி குறைந்த காற்றில் ஆக்சிஜன் குறைவு, ஆக்சிஜன் குறைந்தால் எரிப்பும் குறைவு. நெடுஞ்சாலையில் காற்று வீசி உள்வெப்பம் கொஞ்சம் தணியும் என்பது உண்மைதான். ஆனால் கடைத்தெருவில் ஊர்ந்து வெளியேறி வேகமெடுக்கும் அந்தக் கணத்தில், அதாவது பிக்கப் தேவைப்படும் கணத்தில், கூடுவதற்குப் பதில் குறைகிறது. கூடவே வருவது தூசி. அறுவடைக் காலத்தில் நெல்லும் வேர்க்கடலையும் சாலையிலேயே காயும் பகுதி இது. களத்துத் தூசி காற்றில் மிதந்தபடியே இருக்கும். மலிவான கோன் ஃபில்டர் விடும் நுண்மணல் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்க்கிறது. அப்படியானால் ஓட்டுபவர் உணரும் அந்தச் 'சுறுசுறுப்பு' எங்கிருந்து வருகிறது? சத்தத்திலிருந்து. உறிஞ்சும் ஓசையும் சைலன்சர் உறுமலும் கூடும்போது அதே வேகம் அதிகமாகத் தோன்றுகிறது. மைலேஜும் வினாடிக் கணக்கும் எடுத்துப் பார்ப்பவர் குறைவு என்பதால் இந்த நம்பிக்கை உடையாமல் நிற்கிறது.

சரி, எல்லாம் ஒழுங்காகச் செய்து உண்மையிலேயே பத்து சதவீதம் சக்தி கூடிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். டர்போ இல்லாத 1.6 லிட்டர் என்ஜினில் அது தாராளமான அனுமானம். காற்றுத் தடையை மீறத் தேவைப்படும் சக்தி வேகத்தின் முப்படியாக ஏறுகிறது. ஆகவே பத்து சதவீத சக்தி தரும் கூடுதல் உச்சவேகம் சுமார் மூன்று சதவீதம். 160 கிலோமீட்டர் போன வண்டி 165 போகும். அந்த ஐந்து கிலோமீட்டரைச் செலவழிக்க இந்த வட்டாரத்தில் எந்தச் சாலை இருக்கிறது? நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்க 12 வினாடி ஆன காருக்கு 11 ஆகலாம். ரீமேப் செய்தால் இருபது, முப்பது சதவீதம் கூடுகிறதே என்று கேட்பவர்கள் டீசல் வண்டிகளில் பார்த்ததைச் சொல்கிறார்கள். அங்கே டர்போ இருக்கிறது. காற்றழுத்தத்தையும் டீசல் அளவையும் கூட்ட கம்ப்யூட்டரில் இடம் இருக்கிறது, அதனால் பெரிய மாற்றம் கிடைக்கிறது. டர்போ இல்லாத பழைய பெட்ரோல் என்ஜினில் கூட்டுவதற்குக் காற்றே இல்லை. டீசலில் கற்ற பாடத்தை அப்படியே இங்கே பொருத்துவதுதான் இந்தத் தவறின் வேர் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் பிக்கப் எங்கே போயிற்று? இந்தக் கேள்வியைக் கேட்காமலே பணம் செலவாகிறது என்பதுதான் வருத்தம். இருபது ஆண்டு ஓடிய காரில் அது ஒரே இடத்தில் தொலைவதில்லை. கரி படிந்த த்ராட்டில் பாடி, பாதி அடைத்த இன்ஜெக்டர், இடைவெளி அகன்ற ஸ்பார்க் பிளக், பலவீனப்பட்ட இக்னிஷன் காயில், சோம்பிப்போன ஆக்சிஜன் சென்சார், வழுக்கும் கிளட்ச் பிளேட் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் சக்தியைத் தின்றிருக்கும். இன்னொன்றைப் பலரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. பிரேக் கேலிப்பரின் பிஸ்டன் துருவேறிச் சிக்கிக்கொண்டால் பெடலை விட்ட பிறகும் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். கொஞ்ச தூரம் பிரேக் தொடாமல் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோனால் ஒன்று மட்டும் கொதிக்கும். அந்த வண்டி நாள் முழுக்கப் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது. அதைச் சரிசெய்யாமல் சைலன்சர் மாற்றுவது, உரசலில் இழக்கும் சக்தியை ஈடுகட்ட மேலும் பெட்ரோல் எரிப்பதில் போய் முடியும். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த 92 குதிரையைத் திரும்பப் பெறுவதே, கடையில் வாங்கும் எந்தப் பாகமும் தருவதைவிடப் பெரிய மேம்பாடு. இதைப் பழுதுபார்ப்பு என்று சொல்லி ஒதுக்குகிறார்கள். ஓட்டுபவரின் காலுக்குக் கீழே கிடைக்கும் பலன் ஒன்றுதானே?

ஆனால் என் வாதத்தின் மையம் இதுவும் அல்ல. வேகமான காரின் திறன் என்பது எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் நிற்கிறது, எவ்வளவு உறுதியாகத் திரும்புகிறது என்பதில்தான் பெரிதும் இருக்கிறது. வயதான காரில் முதலில் செத்துப்போவதும் அதுவே. தேசூரிலிருந்து வந்தவாசிக்கோ சேத்துப்பட்டுக்கோ போகும் சாலை மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுவில் தடுப்பு இல்லை. வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை, கரும்பு ஏற்றிய டிராக்டர், குறுக்கே வரும் ஆடு. மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் காரில் டயரும் சாலையும் பற்றும் உராய்வு 0.8 என்றால், பிரேக் கவ்விய பிறகு சுமார் 31 மீட்டரில் நிற்கும். இறுகிப்போன பழைய டயரில் அதே உராய்வு 0.6 ஆகக் குறைந்திருந்தால் 42 மீட்டர் ஆகும். வித்தியாசம் வெறும் பதினொரு மீட்டர்தானே என்று தோன்றும். நல்ல டயர் போட்ட கார் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தில், பழைய டயர் போட்ட கார் இன்னும் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் என்பதுதான் அதன் பொருள். அந்த 40 கிலோமீட்டர் டிராக்டரின் பின்பக்கத்தில் இறங்கும். இதற்கெதிரே பவர் ஏற்றிப் பெற்ற ஒரு வினாடியை வைத்துப் பாருங்கள். வேகம் 80-லிருந்து 100 ஆகும்போது வண்டியின் இயக்க ஆற்றல் 56 சதவீதம் கூடுகிறது, அத்தனையையும் வெப்பமாக மாற்றி வெளியேற்ற வேண்டியது அதே பழைய பிரேக்தான். பிரேக்கைத் தொடாமல் சக்தியை மட்டும் கூட்டுகிறவர் காரின் திறனைக் குறைக்கிறார்.

டயருக்கு வயது இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. பக்கவாட்டில் சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3517 என்றிருந்தால் 2017-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டரே ஓடும் ஆசைக் காரில் டயரின் பட்டை தேய்ந்திருக்காது, பார்க்கப் புதிதாகவே இருக்கும். ஆனால் வெயிலில் நின்று ரப்பர் கெட்டிப்பட்டு, ஓரங்களில் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது. பத்தாண்டு கடந்த டயரைப் பட்டை இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும் என்பது தயாரிப்பாளர்களே சொல்வது. பிரேக் ஆயிலின் கதையும் இதே. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சமவெளியில் இது தெரியாது. போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் போய் இறங்கும்போது, வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், பெடல் பஞ்சாகித் தரைவரை போகும். புதிய ஆயில், தரமான பேடு, வெடிக்காத பிரேக் ஹோஸ் மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு ஒரு சுமாரான ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரின் விலைகூட வராது.

அடுத்தது சஸ்பென்ஷன். லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்டிங், ஷாக் அப்சார்பர் என்று ரப்பரும் எண்ணெயும் கொண்டவை எல்லாம் இருபது ஆண்டில் தளர்ந்திருக்கும். திருப்பத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு கார் ஒரு கணம் யோசித்துத் திரும்புவது இதனால்தான். ஜாக்கியில் தூக்கி லோயர் ஆர்மைக் கம்பியால் நெம்பிப் பார்த்தால் புஷ் பிளந்து உள்ளே இரும்பும் இரும்பும் தட்டுவது கண்ணுக்கே தெரியும். பட்டு நெய்யும் ஊரில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை: பாவு தளர்ந்த தறியில் ஜக்கார்டு பெட்டியை மாற்றி யாரும் நல்ல சேலை எடுக்க முடியாது. காரிலும் புஷ்களை மாற்றி, கொஞ்சம் இறுக்கமான ஷாக் அப்சார்பர் போட்டு, அலைன்மென்ட் பார்த்தால் அதே 92 குதிரை வேறு காராகிவிடும். இதை மறைமலைநகர் ஆலையே செய்து காட்டியிருக்கிறது. ஃபியஸ்டாவில் ஓட்டும் ருசிக்காரர்களுக்கென்று 1.6 எஸ் என்ற தனி வகையை வெளியிட்டபோது என்ஜின் அதே 101 குதிரைசக்தியில்தான் இருந்தது, சஸ்பென்ஷனைத்தான் இறுக்கினார்கள். ஒரு பெரிய நிறுவனத்தின் பொறியாளர்கள் ஸ்போர்ட்ஸ் வகை என்று பெயரிட்டு எங்கே கைவைத்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய சான்று. பதினாறு அங்குல அலாய் இதற்கு நேர் எதிர். 13, 14 அங்குலத்துக்கென்று வடிவமைத்த காரில் கனமான பெரிய சக்கரம் மாட்டினால் சுழற்ற வேண்டிய எடை கூடுகிறது, பிக்கப் குறைகிறது. மெல்லிய டயரின் பக்கச்சுவர் வேகத்தடையின் அடியை அப்படியே சஸ்பென்ஷனுக்குக் கொடுக்கிறது.

குளிர்விப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் பரவலாக நடக்கும் ஒரு கெடுதல் அங்கே இருக்கிறது. வண்டி சூடானால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுவது பல பட்டறைகளில் வைத்தியம். அது சூட்டைக் குறைத்தது போலத் தெரியும். உண்மையில் என்ஜின் தன் இயல்பான வெப்பத்தை எட்டாமலே ஓடும். கம்ப்யூட்டர் அதைக் குளிர்ந்த என்ஜின் என்று கருதிக் கூடுதல் பெட்ரோல் ஊற்றும். மைலேஜ் விழும், சிலிண்டர் தேய்மானம் கூடும். ரோகேம் என்ஜினில் தெர்மோஸ்டாட் உறை பிளாஸ்டிக்கால் ஆனது, வயதானால் வெடித்துக் கசியும். மாற்ற வேண்டியது அந்த உறையை. கூலன்ட்டுக்குப் பதில் ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரை ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்க்குள் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். எரிபொருள் பக்கத்திலும் ஒரு கவனம் தேவை: 2025-இல் நாடெங்கும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ் அதற்கெனச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் தாங்கும் ஹோஸ் போடுவது சின்ன வேலை, தீப்பற்றும் அபாயத்தோடு ஒப்பிட்டால் மிகச் சின்ன வேலை.

இந்த இடத்தில் எழும் வலுவான எதிர்வாதம் வரலாற்றிலிருந்து வருவது. புகழ்பெற்ற வேகக் கார்கள் எல்லாம் சக்தி கூட்டித்தானே உருவாயின? பிரிட்டிஷ் சிறு காரான மினியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்து 1959-இல் வெளிவந்த மினியில் 848 சிசி என்ஜின், 34 குதிரைசக்தி. பந்தயக் கார் தயாரிப்பாளர் ஜான் கூப்பர் கைவைத்து 1961-இல் வந்த மினி கூப்பரில் 997 சிசி, 55 குதிரைசக்தி. சக்தி கூடியது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அதே காரில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே வந்தது. பிரேக் இல்லாமல் அந்த 55 குதிரையை வெளியே விட கூப்பர் துணியவில்லை. அதற்கு அடுத்த வடிவம் 1964-இல் மாண்டி கார்லோ ராலியில், தன்னைவிட நான்கு மடங்கு பெரிய வி8 என்ஜின் கொண்ட ஃபோர்டு ஃபால்கன்களை முந்தி வென்றது. பனிபடர்ந்த மலைப்பாதையில் அதற்குக் கைகொடுத்தது குறைந்த எடையும் திருப்பத்தில் அது பிடித்து நின்ற விதமும். நம் பக்கத்துச் சான்றும் அதையே சொல்கிறது. சோழவரத்துப் பழைய விமானத்தளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் அமைத்தது. அங்கேயும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் ஓடும் ஃபார்முலா எல்ஜிபி வகைப் பந்தயத்தில் எல்லாக் கார்களுக்கும் ஒரே என்ஜின். ஆனாலும் ஒரு சுற்றுக்கு வினாடிக் கணக்கில் வித்தியாசம் வருகிறது. அது பிரேக்கிலும் டயர் அழுத்தத்திலும் சஸ்பென்ஷன் அமைப்பிலும் ஓட்டுநரின் கையிலும் இருந்து வருவது.

இருபது வயது வண்டிக்கு இவ்வளவு செலவழிப்பதே தண்டம், விற்றால் கால்வாசி கூடத் திரும்பாது என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் மறுப்பு. விற்பதற்காக வாங்கிய காராக இருந்தால் அவர்கள் சொல்வது சரி. ஓட்டுவதற்காக வைத்திருக்கும் காரென்றால் கணக்கு மாறுகிறது. நான் மேலே சொன்ன பாகங்கள் எல்லாம் எப்படியும் ஒரு நாள் மாற்றியே தீர வேண்டியவை. மாற்றும்போது கொஞ்சம் நல்லதாக மாற்றுவதற்கு ஆகும் மிகுதிச் செலவு மட்டுமே மேம்பாட்டுச் செலவு. பவர் பாகங்களில் முழுத்தொகையும் கூடுதல் செலவு. ஃபோர்டு போய்விட்டதே, உதிரி கிடைக்குமா என்று கேட்டால், பேடு, புஷ், ஷாக் போன்றவற்றை மற்ற நிறுவனங்களும் செய்கின்றன. கதவு, விளக்கு, கண்ணாடிக்குச் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகச் சந்தை இருக்கிறது. பிரேக், ஸ்டியரிங் சார்ந்த எதையும் மட்டும் அங்கே பழையதாக வாங்க வேண்டாம். இன்னொரு மறுப்புக்கு நான் தலைவணங்குகிறேன்: புதிய சிறு காரில்கூட ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் இருக்கின்றன, பழைய காரை எவ்வளவு தேற்றினாலும் அந்தப் பாதுகாப்பு வராது. உண்மை. அந்தக் காரணத்தாலேயே அதன் வேகத்தை மேலும் கூட்டக்கூடாது என்கிறேன்.

சட்டமும் இந்தப் பக்கமே நிற்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை விளக்கி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம் என்கிறது. உறுமும் சைலன்சர் எந்தச் சோதனையிலும் முதலில் சிக்குவது. பதினைந்து ஆண்டு முடிந்த காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும்போதும் அது தடையாகும். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாத மாற்றம் இருந்தால் விபத்துக்குப் பின் இழப்பீடு மறுக்கப்படவும் இடமுண்டு. தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே புதிய டயர், பேடு, ஷாக், ஹோஸ் போடுவதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

இதையெல்லாம் முடித்து ஓராண்டு ஓட்டிய பிறகும் என்ஜின் போதவில்லை என்று ஒருவருக்குத் தோன்றினால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். அப்போது முதலில் செய்ய வேண்டியது கம்ப்ரஷன் சோதனை. நான்கு சிலிண்டரின் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால் அங்கே வால்வோ ரிங்கோ போயிருக்கிறது. பணம் அங்கே போக வேண்டும். நன்றாக இருந்தால், குளிர்காற்று வரும் பாதையைக் காத்தபடி வடிகட்டியைப் புதிதாக்கி, பெட்ரோல் கலவையையும் இக்னிஷனையும், சக்தியை அளக்கும் கருவியான டைனோவில் வைத்துச் சரிபார்க்கும் பட்டறையாகத் தேட வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் அச்சிட்ட அளவைக் கேட்டு வாங்க வேண்டும். அளவு காட்ட மறுக்கும் பட்டறையில் சாவியைக் கொடுக்காதீர்கள். கிடைத்த வேகத்தைச் சோதிக்க இருங்காட்டுக்கோட்டைத் தடம் இருக்கிறது. தேசூர்ச் சாலையில் மாலையில் பள்ளி விட்டு சைக்கிளில் பிள்ளைகள் வருகிறார்கள்.